முதல் மழைக்குப் பாத்திரம் வைப்பதில்லை: பள்ளிக் கூரை மழையைப் பிடித்த பதிவு

எங்கள் நடுநிலைப் பள்ளியின் மேற்குக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் மூடி இருக்கிறது. இடைவேளையில் பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து புளியங்காய் தின்பார்கள். மூடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சென்ற ஜூலையில் ஏழாம் வகுப்பில் கேட்டேன். கழிவறைத் தொட்டி என்றார்கள் பாதிப் பேர். பழைய கிணறு என்றான் ஒருவன். மழைநீர் சேகரிப்புக் குழி என்று ஒருவரும் சொல்லவில்லை. மூடிக்கு நான்கடி மேலே, சுவரில், "மழைநீர் சேகரிப்போம்" என்று நீல எழுத்தில் பெரிதாக எழுதியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 2003-ல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது ஊரெங்கும் வெட்டிய குழிகளில் இதுவும் ஒன்று. இன்று இங்கே படிக்கும் பிள்ளைகளில் ஒருவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. கூரைத் தண்ணீர் வெளியேறும் துவாரமான தூம்பிலிருந்து குழிக்கு வந்த குழாய் எப்போதோ உடைந்து, சுவரில் க்ளாம்ப் மட்டும் துருப்பிடித்து நிற்கிறது. கூரைத் தண்ணீர் அஸ்திவாரத்தின் ஓரத்தை அரித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுகிறது. நாங்கள் இருப்பது சிவகங்கை மாவட்டத்தின் செம்மண் காட்டில். கோடையில் பள்ளியின் ஆழ்துளைக் கிணறு காலையில் அரை மணி நேரம் இறைத்தாலே காற்றைக் கக்கும்.

நான்கு ஆண்டுகளாகப் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான தேசியப் பசுமைப் படைக்கு நான்தான் பொறுப்பு. ஜூன் 5 ஊர்வலம், ஓவியப் போட்டி, மரக்கன்று நடுதல் என்று எல்லாவற்றையும் மனம் வைத்தே செய்திருக்கிறேன். ஓர் ஆண்டு, ஊர்வலத்தில் எல்லோரையும்விட உரக்கக் கோஷம் போட்ட பையன், முடிவில் கொடுத்த மிட்டாயின் தாளை வாய்க்காலில் எறிந்துவிட்டுப் போனான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் போட்ட கோஷத்துக்கும் அந்தத் தாளுக்கும் உள்ள தொடர்பை நாங்கள் அவனுக்குக் காட்டியதே இல்லை. பள்ளிகளில் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. புத்தகத்தில் பாடமும் இருக்கிறது. பிள்ளைகள் கைக்கு வேலைதான் இல்லை. இந்த ஆண்டு அந்தக் குழியை அவர்களிடம் கொடுப்பது என்று முடிவு செய்தேன். தலைமையாசிரியர் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி ஒப்புதல் வாங்கித் தந்தார்.

குழியைத் திறந்த நாள்

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா கொத்தனார். கூலி வேண்டாம், சனிக்கிழமைகளில் வருகிறேன் என்றார். பிள்ளைகள் குழிக்குள் இறங்கக் கூடாது, கூரைமேல் ஏறக் கூடாது, குழாய்ப் பசையைத் தொடக் கூடாது. இந்த மூன்றையும் முதல் நாளே கரும்பலகையில் எழுதிவைத்தேன். கடைசி வரை அழிக்கவில்லை.

கடப்பாரையால் நெம்பி மூடியைத் தள்ளியபோது புழுங்கிய நாற்றம் வந்தது. காற்றாடட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டோம். மூடி அகன்ற இடத்தில் குழி ஐந்தடி ஆழம் இருந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது ஒன்றரை அடிதான். மேலே வேப்பிலைச் சருகு. அதன் கீழே கறுப்புச் சேறு. அதற்கும் கீழே ஜல்லி, ஆனால் கல்லும் சேறும் இறுகிச் சேர்ந்து தோசைக்கல்லைப் போல ஒரே பாளம். கொத்தனார் அண்ணன் உள்ளே இறங்கிச் சட்டியில் அள்ளிக் கொடுக்க, பிள்ளைகள் வரிசையாக நின்று கைமாற்றி வேப்பமரத்தடியில் கொட்டினார்கள்.

நாங்கள் அதிக நேரம் செலவழித்தது அங்கேதான். சேற்றைச் சல்லடையில் போட்டு அலசினால் சருகு மக்கிப் பொடியாகிப் போய்விடுகிறது. தாள் மட்டும் தங்குகிறது. மிட்டாய்த் தாள், ஷாம்பு உறை, பேனா ரீஃபில், பான்பராக் உறை. மூன்று வாளி சேர்ந்தது. ஒரு மாணவி ஒரு ஷாம்பு உறையைக் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். விலை ஒரு ரூபாய், தயாரித்த ஆண்டு 2009 என்று அச்சு அப்படியே தெரிந்தது. "டீச்சர், இது எனக்கு அக்கா" என்றாள். கையில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தாள். சேற்றுக்குள் அத்தனை ஆண்டுகள் கிடந்தும் அதன் பச்சை நிறம்கூட மங்கியிருக்கவில்லை. குழி அடைத்ததற்குக் காரணம் சருகா, தாளா என்று வகுப்பில் பெரிய விவாதம். சருகு மக்கினால் தண்ணீருக்கு வழிவிடும், தாள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மூடி போட்டுவிடும் என்ற முடிவுக்கு அவர்களே வந்தார்கள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அப்பத்தாக்களிடம் கேட்டது

அடுத்த வாரம் வீட்டுப்பாடம்: வீட்டில் உள்ள பெரியவர்களிடம், அந்தக் காலத்தில் மழைத் தண்ணீரை எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டும். ஊருணியைப் பற்றித்தான் பலரும் எழுதினார்கள். ஊருணிக்கு வரும் வரத்துக்காலை ஊரே சேர்ந்து வெட்டிவிட்டது, கலங்கல் தெளியப் பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டது, ஊருணிக்குள் கால் வைத்தால் திட்டு வாங்கியது. பாட்டி ஒருவர் சிறுவயதில் காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீட்டில் வேலை பார்த்தவர். நான்கு பக்கமும் ஓட்டுக்கூரை உட்பக்கமாகச் சரிய, முற்றத்தில் அண்டாக்களை வரிசையாக வைத்து மழையைப் பிடித்ததை அவர் சொல்லியிருந்தார். பேத்தி எழுதி வந்த கடைசி வரியில்தான் எனக்கு உயிர் இருந்தது: "முதல் மழைக்குப் பாத்திரம் வைப்பதில்லையாம். ஓட்டில் உள்ள தூசி, காக்கை எச்சம் எல்லாம் கழுவிப் போகட்டும் என்று விட்டுவிடுவார்களாம். இரண்டாவது மழைக்குத்தான் அண்டா வைப்பார்களாம் என்று எங்கள் அப்பத்தா சொன்னது."

2003-ல் வெட்டிய எங்கள் குழியில் இந்த ஏற்பாடு இல்லை. கூரையில் உள்ள அழுக்கெல்லாம் நேரே உள்ளே போயிருக்கிறது. அப்பத்தாவின் அந்த வரியை அட்டையில் எழுதி வகுப்பில் மாட்டினோம். அதன் பிறகு நாங்கள் செய்த வேலையெல்லாம் அந்த ஒரு வரியைக் குழாயில் செய்து பார்த்ததுதான்.

அளவு

கூரையில் ஏறாமலே கூரையை அளக்கலாம். தட்டைக் கூரை என்பதால் கட்டடத்தின் வெளி அளவைத் தரையில் எடுத்தால் போதும். நீளம் 18.4 மீட்டர், அகலம் 6.3 மீட்டர், பெருக்கினால் ஏறக்குறைய 116 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் அடித்து, அதில் தார்ப்பாய் விரித்து, ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். நகக்கண் அளவுகூட உயரம் இல்லை. அதுதான் ஒரு மில்லிமீட்டர். எங்கள் கூரையில் அது 116 லிட்டர்.

தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. காங்கிரீட் உறிஞ்சுவது, ஆவியாவது, சிதறுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் இந்த ஒரு கூரையில் ஆண்டுக்கு 83 ஆயிரம் லிட்டர் வருகிறது. 2019 கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர். அதைச் சொன்னதும் ஒருவன் நோட்டில் வகுத்துப் பார்த்துவிட்டு, நம் கூரையில் ஒன்றரை வேகன் இருக்கிறது என்றான். அன்று மதியம் பள்ளி முழுக்க அந்தப் பேச்சுதான்.

மழைமானி செய்ததில் ஒரு பாடம் கிடைத்தது. இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்துச் செருகினால் மழைமானி என்று எல்லாரும் செய்கிறார்கள். பாட்டிலின் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் முதல் சில மில்லிமீட்டர் அளவு தவறாகக் காட்டும். சிமெண்ட் கலவையை ஊற்றி, பக்கச்சுவர் நேராகத் தொடங்கும் இடம் வரை மட்டமாக்கி, அங்கே சுழியத்தைக் குறித்து அளவுகோல் ஒட்டினோம். ஒன்றைத் திறந்த திடலில் வைத்தோம். இன்னொன்றை வேப்பமரத்துக்குக் கீழே வைக்கலாம் என்று எட்டாம் வகுப்பார் அடம்பிடித்தார்கள். ஆவணியில் பெய்த ஒரு மழைக்குத் திடலில் 14, மரத்தடியில் 9. மீதி ஐந்து மில்லிமீட்டரை இலைகள் வைத்துக்கொண்டன. அடம்பிடித்ததால்தான் அது தெரியவந்தது. வானிலைத் துறை அளவெடுப்பதைப் போலவே தினமும் காலை 8.30-க்குக் குறிக்க வேண்டும் என்று முறை வைத்தோம். பிரேயர் மணியும் அப்போதுதான் அடிக்கும் என்பதால் யாரும் மறப்பதில்லை.

குழாய்

பின்சுவரில் மூன்று தூம்புகள். மூன்றின் தண்ணீரையும் 110 மி.மீ. பி.வி.சி. குழாய் ஒன்றில் வாங்கி, வடக்கு மூலைக்குக் கொண்டுவந்து இறக்க வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு. ஆக, ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 18 சென்டிமீட்டர் இறக்கம்.

சரிவைக் குறிக்க அண்ணன் மட்டக் குழாய் கொண்டுவந்தார். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி நிறக் குழாய். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அவருடைய மகள் ஒரு முனையைப் பிடிக்க, இன்னொரு மாணவன் மறுமுனையைப் பிடித்துச் சுவரில் கரிக்கோடு போட்டார்கள். க்ளாம்ப் அடித்துக் குழாயை உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றினால் நடுவில் தேங்குகிறது. இரண்டு மணி நேரம் காரணம் தெரியவில்லை. பிறகு அந்தப் பெண்தான் மட்டக் குழாயைத் தரையில் சுருட்டும்போது உள்ளே பட்டாணி அளவில் ஒரு காற்றுக்குமிழி நகர்வதைப் பார்த்தாள். குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். அண்ணன் மகளைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றி மறுபடி கோடு போட்டோம். நடுவில் இருந்த நான்கு க்ளாம்ப்களைப் பிடுங்கி அடித்தோம்.

முதல் மழையை ஒதுக்க 200 லிட்டர் பீப்பாய். பழைய பீப்பாய் வாங்கும்போது முன்பு என்ன இருந்தது என்று கேட்டு, உணவுப் பொருள் வந்ததை மட்டுமே வாங்க வேண்டும். ரசாயனம் வந்தது மலிவாகவே கிடைத்தாலும் வேண்டாம். முதலில் நான் நினைத்திருந்த ஏற்பாடு இது: செங்குத்துக் குழாயில் 'டி' எனப்படும் மூன்று வாய் இணைப்பு ஒன்றைப் போட்டு, கீழ்க்கிளையை வாய் அகன்ற பீப்பாய்க்குள் விட்டு, அதன் நுனியில் ரப்பர் பந்து ஒன்றை வைப்பது. பீப்பாய் நிறைந்ததும் பந்து மிதந்து குழாய் வாயை அடைத்துவிடும், அதன் பிறகு வரும் தண்ணீர் வடிகட்டிக்குப் போய்விடும். தலைகீழாகச் சொன்னாலும் சரியாக இருப்பதுபோல் தோன்றியது. மேலிருந்து ஹோஸ் பிடித்துச் சோதித்தபோது பீப்பாய் நிறைந்தது, பந்து மிதந்தது, அடைக்கவில்லை. தண்ணீர் பீப்பாய் விளிம்பைத் தாண்டிக் கொட்டிக்கொண்டே இருந்தது.

எட்டாம் வகுப்பில் விசையும் அழுத்தமும் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஏன் அடைக்கவில்லை என்று கேட்டேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் பந்தைக் கீழே அமுக்குகிறது, பந்து மேலே தள்ளும் பலம் அதற்குப் போதாது என்றான். தேர்வில் அவன் அழுத்தத்துக்கு எழுதிய விடை எனக்கு நினைவிருக்கிறது. பாதி மதிப்பெண்தான் போட்டிருந்தேன். அன்று முழு மதிப்பெண்ணையும் அவனுக்கு மனத்துக்குள் கொடுத்தேன்.

தீர்வு பந்தைவிட எளிமையாக இருந்தது. வாய் குறுகிய, மேல்மூடி திறக்காத நீலப் பீப்பாயாக மாற்றினோம். அதில் இரண்டு துளைகள் உண்டு. பெரிய துளையில் 'டி'யின் கீழ்க்கிளை. சிறிய துளையில் காற்று வெளியேற ஒல்லிக் குழாய், 'டி'யின் உயரத்துக்கும் மேலே போய் நிற்கும்படி. பீப்பாய் நிறைந்தால் தண்ணீர் போக வேறிடம் இல்லை. தானே பின்வாங்கி ஏறி வடிகட்டிப் பக்கம் திரும்பிவிடுகிறது. 200 லிட்டர் என்பது எங்கள் கூரைக்குத் தொடக்கத்தில் பெய்யும் இரண்டு மில்லிமீட்டர் மழை. அப்பத்தாவின் கணக்குக்குச் சரியாக வருகிறது.

வடிகட்டி, மூன்றடி அகலச் சிமெண்ட் உறை. அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, அடுப்புக்கரி, எல்லாவற்றுக்கும் மேல் மணல். நடுநடுவே நைலான் வலை. மணலைக் கழுவ ஒரு நாள் முழுக்கப் போனது. கரியிலிருந்து மூன்று முறை கறுப்புத் தண்ணீர் வந்த பிறகே தெளிந்தது. அங்கிருந்து 1,000 லிட்டர் தொட்டிக்கு. தொட்டி நிறைந்தால், புது ஜல்லி போட்ட பழைய குழிக்கு. தொட்டித் தண்ணீர் சத்துணவுத் தட்டுக் கழுவும் முதல் அலசலுக்கும் கழிவறைக்கும் செடிக்கும். இந்த வடிகட்டி கிருமியைக் கொல்லாது, ஆகவே குடிக்கக் கூடாது என்று தொட்டியிலேயே எழுதிவைத்திருக்கிறோம். மொத்தச் செலவு ₹12,400. முன்னாள் மாணவர்கள் திரட்டிக் கொடுத்தார்கள்.

புழு

காலாண்டுத் தேர்வின் கடைசி நாள் ஒருமுறை சோதித்துவிட்டு விடுமுறைக்குப் போனோம். திரும்பி வந்து பீப்பாயின் அடிக் குழாயைத் திறந்தால், வாளியில் நெளிநெளியாகக் கொசுப்புழுக்கள். தண்ணீரை வடிக்க யாரும் நினைக்கவில்லை. காற்றுக் குழாயின் வாய்க்கு வலையும் கட்டவில்லை. அந்தத் தவறு என்னுடையது. டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். இன்னும் இரண்டு நாள் தள்ளி வந்திருந்தால் பள்ளிக்குள் நாங்களே கொசு வளர்த்திருப்போம்.

அந்த வாளியைக் கொட்டுவதற்கு முன் ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எடுத்து வலை கட்டி வகுப்பில் வைத்தேன். புழு தலைகீழாகத் தொங்கி வால் பக்கம் மூச்சு வாங்குவதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்த்தார்கள். ஒன்றிரண்டு கூட்டுப்புழுவாக மாறியதும் குவளையையும் அழித்துவிட்டோம். அன்று மாலையே பிள்ளைகளில் சிலர் தங்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்த தேங்காய்த் தொட்டி, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்திருக்கிறார்கள். நான் சொல்லி அனுப்பவில்லை. ஓர் அம்மா மறுநாள் வந்து சொன்னார்.

பீப்பாயில் குழாயைத் திருகி மூடும் வேலையை இனி யாரிடமும் விடுவதில்லை என்று முடிவாயிற்று. அடிக் குழாயை எடுத்துவிட்டு, கழற்றக்கூடிய மூடி ஒன்றில் 3 மி.மீ. துளை போட்டோம். மழை பெய்யும்போது அதன் வழியே ஒழுகுவது பொருட்டில்லை. நின்ற பிறகு ஆறேழு மணி நேரத்தில் பீப்பாய் தானே காலியாகிவிடுகிறது, வாழைக்கும் பாய்கிறது. துளையில் மண் அடைக்கும். வெள்ளிக்கிழமைதோறும் மூடியைக் கழற்றி ஊசியால் குத்திவிட இருவர் முறை வைத்திருக்கிறார்கள்.

ஐப்பசி

முதலில் வந்தது தூறல்தான். வடிகட்டிக்கு ஒரு சொட்டும் போகவில்லை. பீப்பாயின் அடி மூடியைக் கழற்றிப் பிடித்துப் பார்த்தால் கட்டன்சாயா நிறத்தில் தண்ணீர், அதில் மிதக்கும் காக்கைச் சிறகு. இதைத்தான் இத்தனை ஆண்டுகள் குழிக்குள் விட்டுக்கொண்டிருந்தோம்.

பெரிய மழை ஒரு செவ்வாய் இரவில் பெய்தது. காலையில் நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் பிள்ளைகள் திடலில் கூடிவிட்டார்கள். 8.30 ஆகும்வரை யாரையும் மானியைத் தொடவிடாமல் கொத்தனார் மகள் கைகளை விரித்துக் காவல் நின்றாள். மணி அடித்தது. குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, 27 என்றாள். நான் பேசுவதற்குள் கணக்கு தரையில் குச்சியால் ஓடியது: 116-ஐ 27-ஆல் பெருக்கினால் 3,132, ஐந்தில் ஒன்று கழித்தால் 2,500-க்குச் சற்று மேல், பீப்பாய்க்கு 200, தொட்டிக்கு 1,000, மீதி 1,300 லிட்டர் குழிக்குப் போயிருக்க வேண்டும். ஓடிப்போய்ப் பார்த்தோம். தொட்டி விளிம்பு வரை நிறைந்து, கடைசித் துளிகள் இன்னும் குழிக்குள் சொட்டிக்கொண்டிருந்தன. சிமெண்ட் மூடியை நகர்த்தி உள்ளே டார்ச் அடித்தார் தலைமையாசிரியர். ஜல்லி ஈரமாகப் பளபளத்தது, தண்ணீர் நிற்கவில்லை. மண் குடித்துவிட்டது.

அந்த மூடியின்மேல் இப்போதும் உட்கார்ந்துதான் புளியங்காய் தின்கிறார்கள். கொட்டையைப் போட ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள்.

அரையாண்டு விடுமுறையிலும் மானி நிற்கக் கூடாது என்று, கேட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் இரண்டு பேர் பொறுப்பேற்றார்கள். நோட்டைத் திறந்து பார்த்தால் விடுமுறையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி இருக்கிறது. பல நாட்களில் சுழியம்தான். ஒரு நாளில் மட்டும் சுழியத்துக்குப் பக்கத்தில் "மேகம் வந்தது, போய்விட்டது" என்று எழுதியிருக்கிறது.

கிழக்குக் கட்டடத்தைப் பிள்ளைகள் அளந்து முடித்துவிட்டார்கள்: 92 சதுர மீட்டர், தூம்பு இரண்டு, அதில் ஒன்றுக்குள் அரசங்கன்று முளைத்திருக்கிறது. கன்றை வேரோடு எடுத்து ஊருணிக் கரையில் வைக்கலாம் என்கிறார்கள். சித்திரைக்குள் ஒரு பீப்பாய் தேட வேண்டும்.